ராஜாளிக்கும் பருவங்கள் உண்டு

பெண்ணின் பருவங்களுக்குப் பேதை, பெதும்பை, மங்கை எனப் பெயரிட்டது தமிழ். அரபு மக்களோ தம் வேட்டைப் பறவையின் பருவங்களுக்கும் பெயரிட்டு வைத்தனர்.

பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகளை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவி, அவை பிடித்துத் தருவதை உண்பதற்குத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் அனுமதி அளிக்கிறது. பாலைவனத்தில் ராஜாளி வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கன்று. இறைச்சி தேடும் வழியாகவும் இருந்தது.

ஓராண்டு நிறையாத பறவைக்கு ‘ஃபர்க்’ என்று பெயர். குஞ்சு என்பது அதன் பொருள். கோடையில் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைத்த பின் அதே பறவை ‘கிர்னாஸ்’ ஆகிறது. வளைகுடாப் பேச்சில் இது ‘ஜிர்னாஸ்’. இன்றும் அமீரகத்து ராஜாளிப் பந்தயங்களில் இவ்விரு பிரிவுகளும் தனித்தனியே போட்டியிடுகின்றன.

வயதை எப்படி அறிவது? ‘ஷாஹீன்’ இளம்பருவத்தில் பழுப்பு நிறமுடையது. மார்பில் கோடுகள் நெடுக்காக ஓடும். வளர்ந்த பின் முதுகு நீலச்சாம்பலாகும். மார்பின் கீழ்ப்புறம் குறுக்குக் கோடுகள் தோன்றும். ‘ஹுர்’ என்னும் இனத்தில் நீலம் கலந்த கால்கள் மஞ்சளாக மாறும்.

இளம்பறவை விரைவில் பழகும். ஆனால் வேட்டையில் அனுபவம் குறைவு. காட்டிலேயே முதிர்ந்தது கைதேர்ந்த வேட்டைக்காரன். ஆயின் எளிதில் மனிதனுக்கு வசப்படாது. அத்தகைய பறவையை ஆங்கிலேயர் ‘ஹேகர்ட்’ என்றனர். பிற்காலத்தில் அச்சொல் களைத்து வாடிய மனித முகத்தையும் குறிக்கலாயிற்று.

முற்காலத்தில் பதூவிகள் இலையுதிர் காலத்தில் வலசை வரும் பறவையைப் பிடித்துப் பழக்கி, குளிர்காலம் முழுதும் ஹுபாரா என்னும் கானமயிலினப் பறவையை வேட்டையாடி, வசந்தத்தில் ராஜாளியை விடுவிப்பது வழக்கம்.

இயற்கையில் இளம்பறவைகளுள் பெரும்பாலானவை முதலாண்டிலேயே மடிகின்றன. ஆகவே ஃபர்க் ஒன்றைப் பிடிப்பதைவிட, இனப்பெருக்கம் செய்யும் முதிர்ந்த பறவை ஒன்றைப் பிடிப்பது அவ்வினத்துக்குப் பேரிழப்பாகும். ஹுர் இனம் 2012-இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமீரகம் 1995 முதல் ராஜாளிகளைக் காட்டில் விடுவித்து வருகிறது. 2002 முதல் அவற்றுக்குக் கடவுச்சீட்டும் வழங்குகிறது. பண்ணைகளில் பிறந்த பறவைகளே இன்று மிகுதியாகப் பயன்படுகின்றன. 2010-இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

பறவையின் வயதறிந்து பெயரிட்ட முன்னோர், காலமறிந்து அதனை விடுவிக்கவும் தெரிந்திருந்தனர். பெயர்கள் மட்டும் எஞ்சிப் பறவை மறைந்துபோனால் அம்மரபினால் யாருக்கு என்ன பயன்?