வதங்கு வதக்கு, தூங்கு தூக்கு

திருத்தணிக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். தக்காளி வாங்கும் தெலுங்குக்காரர் ‘தூகம்’ சரியாகப் போடச் சொன்னால் நம் காதில் ‘தூக்கம்’ என்று விழும். அவர் கேட்பது எடையை. எடைக்கும் உறக்கத்துக்கும் என்ன உறவு? அடுப்படிக்குப் போனால் தெரிந்துவிடும்.

வாணலியில் வெங்காயம் வதங்குகிறது. கரண்டி பிடித்த நாம் வதக்குகிறோம். ‘ங்கு’ என்றால் தானே நடப்பது, ‘க்கு’ என்றால் ஒருவர் செய்வது. பானையை இறக்கினால் இறங்கும். தூங்கு, தூக்கு இரண்டும் இதே இணைதான்.

தூங்குவது என்றால் முதலில் தொங்குவது. பூனைக்கு எட்டாமல் உறியில் ஆடிக்கொண்டிருந்ததே தயிர்ப்பானை, அதுதான் தூங்கியது. வானில் தொங்கிய கோட்டையை அழித்ததாகப் புகழப்படும் சோழன் ‘தூங்கெயில் எறிந்த’வன். தூக்கணாங்குருவிக்குப் பெயர் தந்ததும் தொங்கும் கூடுதான். தராசும் தொங்குவதால் எடை ‘தூகம்’ ஆயிற்று. தெலுங்கில் ‘தூகு’ என்ற ஒரே வினை எடை நிற்பதையும் ஊசலாடுவதையும் சொக்கி ஆடுவதையும் சொல்லும். உட்கார்ந்தபடி கண் சொக்கும்போது தலை தொங்கி ஆடுகிறதே, அந்த இடத்தில்தான் இந்தச் சொல் உறக்கத்துக்குள் நுழைந்தது என்று நான் நினைக்கிறேன்.

குழந்தையைத் ‘தூக்கு’ என்றால் கையில் எடுப்பது என்றாகிவிட்டதால், உறங்கச் செய்வதற்குத் ‘தூங்க வை’ என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்கிறோம். பெயர்ச்சொல் மட்டும் பழைய பக்குவம்: வீங்கு வீக்கம், மயங்கு மயக்கம், உறங்கு உறக்கம், தூங்கு தூக்கம்.

வேல்ஸ் மொழியிலும் இப்படி ஓர் அசைவு உண்டு. உறக்கம் ‘குஸ்க்’, வினையாகும்போது உள்ளிருக்கும் உயிர் மாறி ‘கஸ்கி’. உறக்கத்துக்கான ‘ஹீன்’ என்ற இன்னொரு சொல் மரணத்துக்கும் ஆகும். நமக்குத் ‘துஞ்சு’ அப்படி: குளமுற்றத்துத் துஞ்சிய சோழன் கிள்ளிவளவன் அங்கே இறந்தவன்.

திருத்தணி மலைமேல் முருகனுக்கு மட்டும் ‘தூக்கம்’ என்ற சொல் இல்லை. இரவில் நடப்பது பள்ளியறைப் பூசை. பள்ளி என்றால் படுக்கை.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தெலுங்கு கடைத்தெருவிலேயே தங்கிவிட்டது. சாமி கும்பிட்டு இறங்கியதும் ஒரு காய்க்கடை முன் சற்று நில்லுங்கள். அந்தத் ‘தூகம்’ காதில் விழும்.