மருந்தடித்த மயக்கத்தை வெயில் மேல் போடாதீர்கள்

பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்தவர் வாந்தி எடுக்கிறார். கண் மங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. 'வெயில்தான்' என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். எத்தனை ஊரில் இதைப் பார்ப்பது! 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் தெளிப்பு நஞ்சால் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூரிலும் உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் மோர்தான்.

மயக்கம் தெளிந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் நரம்புக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும். அத்தோடு செல்லுக்குள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கும். இவை செல்லின் சவ்வைச் சிதைத்து, டி.என்.ஏ. இழையையும் முறிக்கும். உடல் அதைப் பழுது பார்க்கும்தான். ஆனால் வாரந்தோறும் நஞ்சு ஏறினால் ஈடுகொடுக்க முடியாது. தெளிப்பவர்களின் ரத்த வெள்ளணுக்களில் இந்த முறிவை ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன. அவர்கள் சட்டையைத் துவைக்கும் பெண்களுக்கும் நஞ்சு ஏறும்.

டி.என்.ஏ. சோதனைக்கு அலைய வேண்டாம். கேட்க வேண்டியது கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளில் 37-ஆம் விதி, தெளிப்பு வேலைக்கு அமர்த்தப்படுபவருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. ஒருநாள் முகாமில் முகமூடி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் இதை ஏன் சொல்வதில்லை?

மயங்கியவரின் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் அதோடு வரும் துண்டுத்தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். மாற்று மருந்து எது என்று அதில் இருக்கும். டப்பாவை வாய்க்காலில் எறிந்துவிட்டு டாக்டரிடம் 'ஏதோ மருந்து' என்று சொல்லாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். 'வயலில் தெளிக்கும்போது ஏறிய நஞ்சு' என்பதும் மருந்தின் பெயரும் இருக்க வேண்டும். வெறுமனே 'மருந்து சாப்பிட்டவர்' என்று எழுதிவிட்டால் தற்கொலை முயற்சி என்றாகிவிடும். இழப்பீடு கேட்க வழி அடைபடும். திரும்பவும் சொல்கிறேன்: அந்த ஒரு வரியைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சீட்டு, கடை பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

கூலிக்குத் தெளிப்பவரையும் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தொழிலாளியாகவே கணக்கில் எடுத்தது. அவரோ குடும்பமோ போக வேண்டிய இடம் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். மனுவுக்குக் காலவரம்பு உண்டு. அறுவடை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். மருந்தின் மீதே சந்தேகம் என்றால் மீதி இருப்பதைக் கொட்டிவிடாமல், வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.