உழவு இயந்திரக் கருவிகளுக்கு ஏற்ற உருக்கு

பெரும்போக மழை தொடங்கியபின் நிலம் உழவுக்குப் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களிற் கலப்பையின் கொழு தேய்ந்தோ, சுழல் கலப்பையின் அலகு முறிந்தோ போகுமாயின், கமக்காரர் இழப்பது ஓர் இரும்புத் துண்டை மட்டுமன்று; விதைப்புக் காலத்தையும் இழக்கின்றார். இத்தகைய நட்டங்களுட் பல, கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற உருக்கைத் தெரிந்தெடாமையால் நேர்வன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் "நல்ல இரும்பு" என ஒன்றில்லை. ஓர் உறுப்புக்குச் சிறந்த உருக்கு மற்றோர் உறுப்புக்குத் தீங்காக முடியலாம்.

கடினமும் முறியாத் தன்மையும்

மண்ணோடு உராயும் உறுப்புக்குக் கடினம் வேண்டும். கல்லில் மோதும் உறுப்புக்கு முறியாத் தன்மை வேண்டும். உருக்கின் கடினம் கூடக் கூட, அது முறிவதற்கான வாய்ப்பும் பொதுவாகக் கூடுகின்றது. இவ்விரண்டையும் வேண்டிய அளவிற் பொருத்துவதே தெரிவின் நோக்கமாகும்.

உருக்கின் கடினத்தை முதன்மையாக நிர்ணயிப்பது அதிலுள்ள காபன் ஆகும். காபன் நூற்றுக்கு 0.25 பங்குக்கு மேற்படாதது மென்னுருக்கு. இதனைக் காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் பெறாது. நூற்றுக்கு 0.6 பங்கும் அதற்கு மேலும் காபன் உள்ளது உயர்காபன் உருக்கு. இதனைத் தக்கவாறு காய்ச்சித் தோய்த்தால் மிக்க கடினம் பெறும்; ஆயின், தோய்த்தபின் மீண்டும் இளஞ்சூட்டிற் பதப்படுத்தாவிடிற் கண்ணாடிபோல் முறியும்.

மண்ணை அறிதல்

உலர்வலயத்துச் செங்கபில மண்ணிற் படிகக்கல் மணலும் பரலும் கலந்துள்ளன. படிகக்கல்லானது, பதப்படுத்திய உருக்கினும் கடினமானது. ஆதலின் இம்மண்ணில் எந்த உருக்கும் தேய்ந்தே தீரும். விரைவிற் தேயுமா, மெதுவாகத் தேயுமா என்பதே வேறுபாடு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் அடியிற் சுண்ணாம்புக்கல் உண்டு. மண் ஆழமற்ற இடங்களிற் கலப்பை அக்கல்லிற் தட்டுமாதலின், அங்கு முறிவைத் தாங்கும் உருக்கே முதலில் வேண்டப்படுவது. முருங்கன் பகுதியின் கருங்களி மண் காய்ந்தபின் இறுகிவிடும். அங்கு இழுவை மிகுதியாதலின், கருவியின் சட்டமும் இணைப்புக்களுமே பெரிதும் சோதனைக்குள்ளாகின்றன.

உருக்கின் வகைகள்

1. மென்னுருக்கு: இலகுவில் வளையும், இலகுவில் ஒட்டுப்படும். இதன் கடினம் பிரினெல் அளவில் ஏறக்குறைய 120 முதல் 130 வரையாகும். சட்டம், தாங்கி, மூடி ஆகியவற்றுக்கு ஏற்றது. மண்ணை வெட்டும் உறுப்புக்கு ஏற்றதன்று.

2. வில்லுருக்கு: லொறியின் வில்லுத் தகடுகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. காபனோடு சிலிக்கன், மங்கனீசு, குரோமியம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ கலந்திருக்கும். வளைந்து மீளும் தன்மையுடையதாகலின், கொத்துக் கலப்பையின் வளைகால்களுக்கும் சுழல் கலப்பையின் அலகுகளுக்கும் உகந்தது.

3. போரன் உருக்கு: ஒரு தொன் உருக்கிற் 10 முதல் 50 கிராம் வரையான போரன் சேர்த்தாற் போதும்; தோய்க்கும்பொழுது கடினம் உள்ளாழம்வரை செல்லும். காபன் நூற்றுக்கு 0.3 பங்கு அளவிலே இருப்பதாற் கடினமும் முறியாத் தன்மையும் ஒருங்கே கிடைக்கின்றன. தோய்த்தபின் இதன் கடினம் பிரினெல் அளவில் 450 முதல் 500 வரை இருக்கும். கொழு, தட்டு, அலகு ஆகியவற்றுக்கு இக்காலத்திற் பெரிதும் பயன்படுகின்றது.

4. தேய்வு தாங்கும் தகடு: ஆலையிலேயே தோய்த்துப் பதப்படுத்தி விற்கப்படுவது. பிரினெல் 400 அல்லது 500 என்னும் அளவாற் குறிக்கப்படும். குளத்து வண்டல் அள்ளும் பெக்கோ இயந்திர வாளியின் விளிம்புக்கும் அடித்தகட்டுக்கும் ஏற்றது.

5. மங்கனீசு உருக்கு: இங்கிலாந்தின் ரொபேட் ஹாட்ஃபீல்ட் என்பார் 1882 ஆம் ஆண்டிற் கண்டறிந்தது. மங்கனீசு நூற்றுக்கு 11 முதல் 14 பங்குவரை உள்ளது, காந்தத்தால் இழுக்கப்படாதது. பலத்த அடி விழவிழவே இதன் மேற்பரப்புக் கடினமாகும். கல்லுடைக்கும் இயந்திரத்துக்கு இது மிகச் சிறந்தது. மணல் நிலத்திலோ அடியின்றி உராய்வு மட்டுமே உண்டாதலின், இது கடினமடையாமல் தேய்ந்துவிடும். விலை உயர்ந்தது எங்கும் சிறந்ததாகாது என்பதற்கு இது தக்க சான்று.

உறுப்புக்கேற்ற தெரிவு

சுழல் கலப்பை அலகின் வெட்டும் விளிம்பு மிகக் கடினமாயும், போல்ற் பூட்டும் தண்டுப்பகுதி அதனிற் குறைந்த கடினமுடையதாயும் இருத்தல் வேண்டும். றொக்குவெல் "சீ" அளவில் விளிம்பு 50 க்கு மேலும், தண்டு ஏறக்குறைய 40 உம் இருப்பது நன்று. முழு அலகும் ஒரே கடினமாயிருப்பின் தண்டின் துளையருகே முறியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, வலிமை வேறு, விறைப்பு வேறு என்பதை மனத்திற் கொள்க. உருக்குகளின் வலிமை பலவாறாயினும், விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. எனவே, உயர்ந்த உருக்கு என்று கருதிச் சட்டத்தின் தடிப்பைக் குறைத்தால், அது முறியாவிடினும் பாரத்தின்கீழ் நெளியும். உழவின் ஆழம் ஒழுங்காயிராது. தடித்த மென்னுருக்குச் சட்டமே பெரும்பாலும் போதுமானது.

போல்ற்றின் தலையில் 8.8 எனப் பொறித்திருப்பின், அதன் முதலெண் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் இழுவையைத் தாங்கும் வலிமையைக் குறிக்கும். அலகுகளைப் பூட்டுவதற்கு உற்பத்தியாளர் குறித்த தரத்தையே பயன்படுத்துக. ஆயின், பாரம் மிகும்பொழுது தானே அறுந்து இயந்திரத்தைக் காக்கும் காப்புப் போல்ற்றுக்குப் பதிலாகக் கடினமான போல்ற்றை ஒருபோதும் பூட்டலாகாது. சிறு போல்ற் அறாதவிடத்துப் பற்சக்கரப் பெட்டியே உடையும்.

வாங்கும்பொழுது சோதித்தல்

புதிய அரத்தால் விளிம்பை உராய்க. அரம் எளிதாகக் கடித்துச் சீவுமாயின் அவ்வலகு மென்மையானது. வழுக்கிச் செல்லுமாயின், அல்லது அரிதிற் பற்றுமாயின், கடினமானது. பழைய துண்டு ஒன்றின் இனத்தை அறியச் சாணைச் சக்கரத்திற் பிடித்துப் பார்க்கலாம். மென்னுருக்கின் பொறிகள் நீண்டு, கிளைகள் குறைந்து காணப்படும். உயர்காபன் உருக்கின் பொறிகள் குறுகி, பூப்போலப் பல கிளைகளாக வெடிக்கும். கண்ணுக்குக் காப்பு அணியாது இச்சோதனையைச் செய்தலாகாது.

திருத்தும்பொழுது கவனிக்க வேண்டியவை

தோய்த்த உருக்கைச் செஞ்சூடாகக் காய்ச்சி வளைத்தாலோ நிமிர்த்தினாலோ, அதன் கடினம் நீங்கிவிடும். தேய்வு தாங்கும் தகடு 250 பாகை சதமவளவை வெப்பநிலையைத் தாண்டினாலே மென்மையாகத் தொடங்கலாம். ஆதலின் இத்தகைய உறுப்புக்களை ஒட்டுவதிலும் போல்ற்றாற் பூட்டுவதே மேல்.

உயர்காபன் உருக்கைக் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தால் ஒட்டினால், ஒட்டின் ஓரத்தில் வெடிப்பு உண்டாகும். முன்னரே சூடாக்கி, ஈரமற்ற ஒட்டுக்கோலைப் பயன்படுத்தி, ஒட்டியபின் உலர்ந்த சாம்பலுள் வைத்து மெல்ல ஆறவிடுக. கொழுவின் ஒரு முகத்தில் மட்டும் குரோமியம் கலந்த கடினக் கோலால் மெல்லிய படையிட்டால், மற்றை முகம் தேயத்தேயக் கொழு தானாகவே கூர்மையுறும்.

பழைய வில்லுத் தகட்டிற் கொழு செய்விப்போர், அதில் நுண்ணிய வெடிப்புக்கள் உளவா எனப் பார்த்தல் வேண்டும். கொல்லர் அதனைக் காந்தம் பற்றாத சூட்டுக்குச் சற்று மேலாகக் காய்ச்சி, நீரில் அன்றி எண்ணெயிலே தோய்த்தல் நன்று. பின்னர் மேற்பரப்பைத் துலக்கி, வைக்கோல் நிறம் தோன்றும்வரை மீண்டும் இளஞ்சூடு காட்டுக. கல் மிகுந்த நிலத்துக்காயின் நீலநிறம் தோன்றும்வரை காட்டுக. கடினமான உறுப்பைச் சுத்தியலால் நேரே அடித்தலாகாது. தெறிக்கும் சில்லு கண்ணைக் கெடுக்கும்.

செலவைக் கணித்தல்

அலகின் விலையை மட்டும் பாராது, ஓர் ஏக்கருக்கு வரும் செலவைக் கணித்துப் பார்க்க. எடுத்துக்காட்டாக, 6,000 ரூபாவுக்கு வாங்கிய தொகுதி 20 ஏக்கருடன் தேயுமாயின் ஏக்கருக்கு 300 ரூபா. 10,000 ரூபாவுக்கு வாங்கியது 50 ஏக்கர் உழுமாயின் ஏக்கருக்கு 200 ரூபா. இடைநடுவே மாற்றுவதால் வீணாகும் நேரம் இக்கணக்கிற் சேரவில்லை. ஆதலாற் கமக்காரர் ஒவ்வொரு போகத்திலும் அலகு பூட்டிய நாளையும் உழுத ஏக்கரையும் குறித்துவைத்து, தம் மண்ணுக்கு ஏற்றது எது எனத் தாமே தெளிதல் நன்று. மழைக்கு முன்னரே கருவிகளைச் சோதித்து, மாற்று அலகு ஒரு தொகுதியேனும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும்.