மேசை இல்லாத வைஸ்

வாழ்வாதார உதவி என்று எமது பகுதிகளுக்கு வந்து சேர்ந்த பொருட்களின் கதையை எழுதத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்கள் போதாது. நீர்ப்பம்பி வந்த வளவில் கிணறு இருக்காது. கோழிக்கூடு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் குஞ்சு வரும். அப்படி வந்த ஒரு வைஸைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். அந்தக் கதையில் என்னுடைய பிழையும் இருக்கிறது.

2017 ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்துகொண்டிருந்தேன். பெண் தலைமைக் குடும்பங்களுக்குத் தொழில் உபகரணம் வழங்கும் திட்டம் ஒன்று. ஆடு, கோழி, தையல் மெசின் என்று எல்லோரும் கேட்க, ஓர் அக்கா மட்டும் சைக்கிள் திருத்தும் சாமான்களோடு நாலு அங்குல வைஸ் ஒன்றும் வேண்டுமென்றார். அவருடைய தகப்பன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சின்ன வயதிலிருந்தே தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து பழகிய கை. ஆனால் 2009 இல் எறிகணை வீச்சில் இடக்கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. கணவர் காணாமலாக்கப்பட்டவர். ஒரு மகள், ஒரு வயதான தாய்.

வைஸ் ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "ஒரு கையால பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால திருகிறதுதானே தங்கச்சி இந்த வேலை. எனக்குப் பிடிக்கிற கைதான் இல்லை."

வைஸ் வந்தது, படம் எடுத்தார்கள். மூன்று மாதத்தின் பின்னர் கண்காணிப்புப் படிவத்தோடு நான் போனேன். அன்று பதினொரு வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. படலையில் நின்றபடி "வைஸ் இருக்குதா அக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார். 'பயன்பாட்டில் உள்ளது' என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஒரு மழை நாளில் ஒதுங்கப் போனபோதுதான் கண்டேன், வைஸ் வாசலில் கிடந்தது. காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். திருகாணி முழுக்கத் துரு.

அவர் முயற்சி செய்யாமல் விடவில்லை. முதலில் ஒரு பழைய பள்ளிக்கூட மேசையில் ஆணி அடித்துப் பூட்டியிருக்கிறார். ஒரு நட்டைத் திருக மேசையே சுற்றியது. பிறகு வேலியோரம் நின்ற பனங்குற்றியின் தலையில் திருகாணி போட்டுப் பார்த்தார். பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான், நடுவில் சோறு. இரண்டு நாளில் திருகாணிகள் கழன்று கையோடு வந்துவிட்டன. சீமெந்தில் தூண் கட்டி நிரந்தரமாகப் பூட்டலாமே என்றேன். அவர் சிரித்தார். அது தமையனின் காணி. அதற்கு முன்னர் இருந்தது சித்தியின் வளவு, அதற்கும் முன்னர் முகாம். தன் பெயரில் உறுதி இல்லாத நிலத்தில் யார் சீமெந்து கொட்டுவார்கள்? சமூகவியல் படித்த எனக்கு இடப்பெயர்வு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரியும். ஆனால் ஒரு வைஸ் வேலை செய்வதற்கு நிலையான நிலம் வேண்டும் என்பது அன்றுவரை எனக்குப் படவில்லை.

வழி சொன்னது அவருடைய தாய். திண்ணையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் எங்களை ஏறிட்டும் பார்க்காமல், "உதை மேசையில ஏன் பூட்டுறியள்? திருவலையில பூட்டி, மேல ஏறி இருக்கச் சொல்லு" என்றார்.

யோசித்துப் பாருங்கள். திருவலையை நாங்கள் நிலத்தில் ஆணி அடித்து வைப்பதில்லை. எங்கு வேண்டுமானாலும் தூக்கிப் போட்டு, ஏறி இருந்து திருவுகிறோம், ஆடுவதில்லை. காரணம், அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்கள் உடம்பின் பாரம். கையால் தள்ளுகிற பலம் எங்கள் இருப்பின் வழியாக அதே பலகைக்குத் திரும்பி வருகிறது. மேசைக்கு முன்னால் நின்று தள்ளும்போது அப்படியில்லை. அங்கே மேசை தனியாகத் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் நகரும்.

பலகைக்கு அக்கா எடுத்தது ஷெல் விழுந்த தன் பழைய வீட்டின் கதவு நிலை. நாலுக்கு மூன்று அங்குல முதிரைக் கட்டைகள் இரண்டு. நாலு அங்குலப் பக்கம் மேலே இருக்கும்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கியதும் எட்டு அங்குல அகலமும் மூன்று அங்குலத் தடிப்பும் கொண்ட பலகை கிடைத்தது. நீளம் நாலரை அடி. தச்சு வேலை தெரிந்த அயலவர் ஒருவர் கால் போட்டுக் கொடுத்தார். முன்பக்கம் விரிந்த இரண்டு கால், பின்பக்கம் ஒன்று. நாலு கால் போடத்தான் அவர் வெளிக்கிட்டார், தாய்தான் விடவில்லை. மூன்று கல் அடுப்பு எந்த மேடு பள்ளத்திலும் ஆடாது, நாலாவது கல் வைத்தால்தான் ஆட்டம் என்பது அவருடைய கணக்கு. சரியான கணக்கு. வளவு நிலம் சீமெந்துத் தரை போலச் சமமாக இருப்பதில்லையே.

பூட்டும் விதத்தில் கவனம் வேண்டும், முந்திய முயற்சிகள் கெட்டது இதில்தான். மரத்துக்குள் ஏற்றும் திருகாணியோ ஆணியோ வைஸைப் பிடிக்காது. பலகையை ஊடுருவித் துளைத்து, ஐந்து அங்குலப் போல்ட்டை மேலிருந்து இறக்கி, அடியில் அகலமான வாசர் வைத்து நட்டால் இறுக்க வேண்டும். சின்ன வாசர் போட்டால் அது மரத்துக்குள் புதைந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டாவது நட்டு ஒன்றும் போட்டால் இலகுவில் கழராது. மரம் காயக் காய இளகும், ஆகவே முதல் சில கிழமைகள் அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வைஸின் கைபிடி எந்தப் பக்கம் வரவேண்டும்? மேசையில் என்றால் எங்களைப் பார்த்து இருக்கும். பலகையில் ஏறி இருப்பவருக்கு அது முழங்காலில் இடிக்கும். அதனால் வைஸைக் குறுக்காகத் திருப்பி, கைபிடி வலக்கைப் பக்கம் வரப் பூட்டினோம். முதல் நாள் கைபிடி சுழன்று நிலத்தில் முட்டியது. கால்கள் கட்டையாகப் போய்விட்டன. எல்லாவற்றையும் கழற்றி ஒரு அடி உயரத்துக்குக் கால் மாற்றினார்கள். உயரத்துக்கு வேறு அளவு தேவைப்படவில்லை. பலகையில் இருக்கும்போது வைஸின் வாய் கிட்டத்தட்ட முழங்கை மட்டத்துக்கு வந்தது. அரம் பிடிப்பதற்கு அதுதான் தோதான உயரம்.

சின்ன வேலைகளுக்கு ஏறி இருப்பது போதும். சில்லிலிருந்து பிறீவீல் கழற்றுவதற்கு அது போதாது. கழற்றும் சாவியை வைஸில் நிமிர்த்திக் கடிக்கவிட்டு, சில்லைப் படுக்கையாக அதன்மேல் வைத்து, சில்லையே இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்ததை இளக்குகிற பலம் அது. ஒற்றைக் கையுள்ளவருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. வலக்கையால் சில்லைத் தள்ள, இடது முழங்கையை மற்றப் பக்கக் கம்பிகளுக்குள் கொடுத்து இழுக்கிறார். அந்த நேரம் பலகையின் முன்பக்கம் இடப்பக்கமாக ஓடப் பார்க்கும். முன் காலின் இடப்பக்கத்தில் அலவாங்கு ஒன்றை நிலத்தில் இறுக்கி நட்டுவிட்டால் ஓடாது. பின்பக்கம் மகள் ஏறி இருப்பாள்.

மகள் பள்ளிக்கூடம் போன நேரம்? அதற்கு மண் பை. முன் கால்கள் இரண்டையும் கீழே இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது. அதன்மேல் ஒரு யூரியாப் பை, பின்பக்கம் பலகைமேல் இன்னொன்று. ஐம்பது கிலோ யூரியா வந்த பையில் மண்ணை வாய் மட்டும் நிரப்பினால் நூறு கிலோ அளவில் வரும், அசைக்க முடியாது. அரைப் பை போதும். பையை இடத்தில் வைத்துவிட்டு அவர் பேணியால் அள்ளிப் போடுகிறார். நான் உதவிக்குப் போனபோது, "மண் பை கட்ட எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை தங்கச்சி. கூறைச் சேலையை வெட்டித் தைச்சு பங்கருக்கு அடுக்கினனாங்கள்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பையின் வாயை நான் கட்டினேன்.

வைஸ் கிடைத்த வாசகிகளுக்கு இன்னும் இரண்டொரு விடயம். கைபிடியில் குழாய் செருகி நீட்டி இறுக்காதீர்கள், திருகாணி கெட்டுவிடும். வார்ப்பிரும்பு வைஸின் வாயில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வெடித்துப் போகும். மரை உள்ள சாமானைக் கடிக்கவிடும்போது இருபுறமும் பழைய அலுமினியச் சட்டித் தகட்டுத் துண்டு வைத்தால் மரை நசியாது. திருகாணிக்குக் கிறீஸ் போடுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பசையாகிப் பிடித்துக்கொள்ளும்.

2019 இல் தமையனின் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது அந்த வளவைவிட்டு எழும்ப வேண்டி வந்தது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, சீதனமாகக் காணி எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பைகளையும் அவிழ்த்து மண்ணை அங்கேயே கொட்டினார். வெறும் பையை மடித்துக் கூடைக்குள் வைத்தார். வைஸ் ஏழெட்டுக் கிலோ. பலகையை சைக்கிள் கரியரில் குறுக்கே கட்டி மகள் உருட்டிக்கொண்டு போனாள். புது இடத்தில், சந்திக்குக் கிட்ட, ஒரு வேப்ப மரத்தின் கீழ் அன்று பின்னேரமே வேலை தொடங்கிவிட்டது. மண் எல்லா இடத்திலும் கிடைக்கிறதுதானே.

2022 இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, கொட்டில் மூலைகளில் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. அந்த வேப்ப மரத்தடியிலும் வரிசை. காற்சட்டை போட்ட உத்தியோகத்தர்களும் துருப்பிடித்த சைக்கிளோடு காத்து நின்றார்கள். அந்த வருமானத்தில்தான் மகளின் உயர்தர வகுப்புக் கட்டணம் போனது.

நான் இப்போது வேறு நிறுவனத்தில். கண்காணிப்புப் படிவம் தயாரிக்கும் வேலையும் சில வேளை எனக்கு வரும். 'பயன்பாட்டில் உள்ளதா' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'கடைசியாக இதனால் செய்த வேலை என்ன, எங்கே இருந்து செய்தீர்கள்' என்று போட்டிருக்கிறேன். எழுத இரண்டு வரி இடம் வேண்டும், படிவம் நீளுகிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. போன மாதம் அந்தச் சந்தியால் போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன். ஒரு பிள்ளையின் சைக்கிளுக்குக் கொட்டர் பின் அராவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "படலைக்கு உள்ளுக்கு வந்து கேக்கச் சொல்லியும் எழுதுங்கோ" என்றார்.