யார் வீட்டு அதிரசம்?

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் கையில் மூன்றாம் பருவப் புத்தகம் வருகிறது. தமிழ்ப் புத்தாண்டு தையா, சித்திரையா என்று பெரியவர்கள் வழக்காடட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புதுப் புத்தகத்தை மோந்து பார்க்கும் நாள்தான் வருடப் பிறப்பு.

அந்த நாளை வகுப்பறையில் கொண்டாடுவது நமக்குப் பிடித்தமானதே. ஊர்த் திருவிழா என்றால் முதல் மரியாதை, பரிவட்டம், தேர் எந்தத் தெருவோடு திரும்பும் என்ற கணக்கு எல்லாம் உண்டு. ஜனவரி ஒன்றுக்கு அது எதுவும் கிடையாது. காலனி வாசலிலும் ஊர்த்தெரு வாசலிலும் கோலத்துக்கு நடுவில் ஒரே 'ஹேப்பி நியூ இயர்'தான். எழுத்துப் பிழைகூட இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆனால் வகுப்பறைக்குள் பலகாரம் வந்ததும் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. ஆறு வயதில் 'யார் வீட்டில் செய்தது?' என்று கேட்கத் தெரியாது. எட்டு வயதில் தெரிந்துவிடுகிறது. காலனிப் பிள்ளை நீட்டும் அதிரசத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். மாலையில் அது வேலியோரம் கிடக்கும். கொடுத்த பிள்ளையும் அதே வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

இது சின்னப் பிள்ளைகள் தாமாகக் கற்றதல்ல. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே ஒரு கிராமத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சமூகப் பிள்ளைகளை ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் வெறுங்கையோடு அனுப்பிய காணொளியை நாடே பார்த்தது. அவர் கைதானார், கடைக்குச் சீல் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சமூக மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியை கைதானார். ஆகவே கேக் வெட்டிய பிறகு துடைப்பத்தை எடுப்பது யார் என்பதையும் நாம் பார்த்தாகவேண்டும்.

நாம் அறிந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சர் ஒரு வழி வைத்திருக்கிறார். அன்று கலர் டிரஸ் கிடையாது, எல்லோருக்கும் சீருடைதான். ஆளுக்கொரு பிடி பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், தேங்காய்ச் சில்லு என்று முடிந்ததைக் கொண்டுவரலாம். பிள்ளைகள் கண்ணெதிரே எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறப்படும். "டீச்சர், நான் கொண்டாந்த பொரி எது?" என்றது ஒரு வாண்டு. "தேடிப் பாரு தங்கம்" என்றாராம். தின்று முடித்ததும் டீச்சரும் வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டுகிறார்கள். முதல் வருடம் ஒரு வீட்டில் அன்றைக்கு மட்டும் பிள்ளையை அனுப்பவில்லை. மறுவருடம் அந்தப் பிள்ளை வெல்லத்தோடு வந்தது.

நல்ல உபாயம்தான். ஆனாலும் அண்டா, கேள்வியை மறைக்கிறதே தவிரத் தீர்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் அதிரசம் அவள் வீட்டு அதிரசம் என்று தெரிந்தே தின்னப்படவேண்டும். டீச்சருக்கும் இது தெரிந்திருக்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து டப்பாக்களைத் திறக்கச் சொல்கிறார். காலனிப் பிள்ளையின் டப்பாவில் முதல் கை அவருடையது.

அதே வாரம், ஜனவரி 3, சாவித்திரிபாய் புலே பிறந்த நாள். 1831இல் பிறந்தவர், 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். பாடம் நடத்தப் போகும் வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசியதால் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவார் என்று கதை சொன்னதும், "அந்தச் சேலை என்ன கலர் டீச்சர்?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சமூக மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டத் தடை கேட்டது. சரியான பரிந்துரை. ஆனால் கயிறு கட்டும் வயதுக்கு வெகு முன்பே வேலியோரம் அதிரசம் விழுந்துவிடுகிறது. வரும் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், கட்டடம், குடிநீரோடு இதையும் கேளுங்கள்: புத்தாண்டு அன்று நம் பள்ளியில் யார் கொடுத்தார்கள், யார் தின்றார்கள், யார் கூட்டினார்கள்?