உணவுக் கழிவு அரைக்கும் இயந்திரம்: வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் பொருத்தப்படும் உணவுக் கழிவு அரைக்கும் இயந்திரம் வட அமெரிக்க வீடுகளில் நெடுங்காலமாகப் பாவனையில் உள்ளது. கனடாவில் வாழும் உறவினர் வீடுகளில் அதனைக் கண்டவர்கள் டென்மார்க்கிலும் அதனைப் பொருத்த விரும்புவது இயல்பு. எனினும், இயந்திரத்தின் தரத்தையும் விலையையும் ஆராய்வதற்கு முன்னர், அதனைப் பொருத்த அனுமதி உண்டா என்பதையே இங்கு அறிந்துகொள்ள வேண்டும்.

அனுமதி

வீடுகளைப் பொதுக் கழிவுநீர்க் குழாயுடன் இணைப்பதற்கான அனுமதியை வழங்குவது நகரசபை, அதாவது கொம்யூன் ஆகும். அரைத்த உணவுக் கழிவு சாதாரண வீட்டுக் கழிவுநீராகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே, இயந்திரத்தைப் பொருத்த நகரசபையின் அனுமதி தேவை. பல நகரசபைகள் இவ்வனுமதியை வழங்குவதில்லை. கடையிலோ இணையத்திலோ விற்கப்படுகின்றது என்பதனால் மட்டும் ஒரு பொருளின் பாவனை அனுமதிக்கப்பட்டது என்று கொள்ளலாகாது. வாடகை வீட்டில் வசிப்போர் வீட்டு உரிமையாளரின் அல்லது வீடமைப்புச் சங்கத்தின் சம்மதத்தையும் பெறவேண்டும்.

இக்கட்டுப்பாட்டுக்குக் காரணங்கள் உள. அரைத்த உணவும் கொழுப்பும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் படிந்து இறுகுகின்றன. தொடர்மாடிக் குடியிருப்பில் ஒரே குழாயைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதால், மேல்மாடியில் விடப்படும் கழிவினால் ஏற்படும் அடைப்பு கீழ்மாடியில் வசிப்பவரின் சமையலறையில் கழிவுநீரைப் பொங்கச் செய்யும். குழாயில் தங்கும் உணவு எலிகளுக்கும் இரையாகின்றது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சுமையும் அதிகரிக்கின்றது.

எல்லா ஊர்களும் ஒரே முடிவை எடுக்கவில்லை. சுவீடனின் சூரகம்மார் நகரசபை 1997 முதல் இவ்வியந்திரத்தை வீடுகளில் ஊக்குவித்தது. நியூயோர்க் நகரின் பெரும்பகுதியில் நிலவிய தடையும் அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டது. ஆகவே, தாம் வசிக்கும் நகரசபையின் விதியையே ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும்.

அனுமதி கிடைத்தால்

இவ்வியந்திரத்தில் கத்திகள் இல்லை. சுழலும் தட்டு ஒன்று உணவைச் சுற்றியுள்ள வளையத்தின் மீது வீசி அரைக்கின்றது. மூடியை இட்டால் மட்டும் இயங்கும் வகை சிறுவர் உள்ள வீடுகளுக்குப் பாதுகாப்பானது. டென்மார்க்கின் மின்வழங்கல் 230 வோல்ட் ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட்டுக்கென விற்கப்படும் இயந்திரம் இங்கு பொருந்தாது. பொருத்தும் வேலையை அங்கீகாரம் பெற்ற குழாய்ப் பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். இயந்திரம் இயங்கும்போது குளிர்ந்த நீரையே ஓடவிட வேண்டும். சுடுநீர் கொழுப்பை உருக்கிச் செல்ல, அது குழாயின் தொலைவில் மீண்டும் உறையும்.

தமிழர் சமையலறைக்கு ஒரு குறிப்பு அவசியம். தேங்காய்ச் சிரட்டை, தும்பு, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை ஈர்க்கு, வாழைப்பழத் தோல், மாங்கொட்டை, பெரிய எலும்பு ஆகியவை இவ்வியந்திரத்துக்கு உகந்தவையல்ல. மீந்த சோற்றைப் பெருமளவில் இட்டால் அது பசையாகிக் குழாயை அடைக்கும். நமது சமையலறைக் கழிவில் கணிசமான பங்கை இயந்திரம் ஏற்காது என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள வழி

டென்மார்க்கில் 2021 யூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி வீட்டுக் கழிவுகள் பத்து வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் உணவுக் கழிவும் ஒன்று. சோறு, பாண், மரக்கறித் தோல், இறைச்சி, மீன் முள், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை ஆகியவற்றை அதற்குரிய பையில் இட்டு, இறுக முடிந்து, உணவுக் கழிவுத் தொட்டியில் போடவேண்டும். இக்கழிவிலிருந்து உயிர்வாயு பெறப்படுகின்றது. எஞ்சுவது பொஸ்பரசு முதலிய சத்துகளுடன் வயல்களுக்குப் பசளையாகின்றது.

துர்நாற்றத்தைத் தவிர்க்க, கழிவிலுள்ள நீரை வடித்தபின் பையில் இடுவது நன்று. மீன் கழிவைக் கழிவு சேகரிக்கும் நாள் வரை உறைபெட்டியில் வைக்கலாம். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாது, ஆறவைத்து மூடியுள்ள போத்தலில் சேர்க்க வேண்டும். அதனையும் சிரட்டை போன்ற கடினமான பொருட்களையும் எங்கு ஒப்படைப்பது என்பது நகரசபையின் தரம்பிரித்தல் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். தோட்டமுள்ளவர்கள் சமைக்காத மரக்கறிக் கழிவைக் கூட்டெருவாக்கலாம். இறைச்சி, மீன், சமைத்த உணவு ஆகியவற்றை அதில் சேர்த்தல் ஆகாது.

வீட்டிலோ சுற்றுப்புறத்திலோ எலியைக் கண்டால் உடனடியாக நகரசபைக்கு அறிவிப்பது சட்டப்படியான கடமையாகும். இயந்திரம் வாங்க எண்ணுவோர், பணம் செலுத்துவதற்கு முன்னர் நகரசபையின் கழிவுநீர்ப் பிரிவிடம் எழுத்துமூலம் விசாரித்து, கிடைக்கும் பதிலைப் பேணிவைத்தல் நன்று.