கதவு எண்ணும் சர்வே எண்ணும்

தேர்தலில் நிற்பவர் வேட்புமனுவோடு தர வேண்டிய பிரமாணப் பத்திரத்துக்குப் படிவம் 26 என்று பெயர். முத்திரைத் தாளில் அடித்து, நோட்டரி முன் உறுதிமொழி செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே தகப்பனார் பெயர், வயது, கதவு எண்ணோடு முழு அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், சமூக வலைதளக் கணக்குகள். அடுத்து பான் எண், ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு. பிறகு நிலுவையில் உள்ள வழக்குகள். அதன் பின் கையில் எவ்வளவு ரொக்கம், எந்த வங்கியில் எவ்வளவு, மனைவி கழுத்தில் எத்தனை கிராம், எந்தக் கம்பெனி கார், அதன் பதிவு எண் என்ன, எந்த ஊரில் எந்த சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர், அதை எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கினார், யாருக்குக் கடன் பாக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். வேட்பாளருக்கு மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவிக்கும், அவர்களை நம்பி வாழும் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இத்தனையும் ஸ்கேன் செய்யப்பட்டுத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும்.

சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குத் தேர்தல் நடத்தும் அலுவலர் அரியலூர் மாவட்ட ஆட்சியர். இணையம் இல்லாத காலமாக இருந்திருந்தால், 2024 தேர்தலில் தொல். திருமாவளவன் கொடுத்த சொத்து விவரத்தைப் பார்க்க நினைக்கும் சிதம்பரத்து வாக்காளர், காட்டுமன்னார்கோவில், ஜெயங்கொண்டம் வழியாகப் பஸ் பிடித்து அரியலூர் போய், ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகை முன் கழுத்தை நீட்டி நின்று படித்துவிட்டு வர வேண்டியிருந்திருக்கும். இன்றைக்கு மேல வீதியில் வாங்கிய டீ ஆறுவதற்குள் கைப்பேசியில் பார்த்துவிடலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரே படிவத்தில் இரண்டு வகை எண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை. அரசியல்வாதியின் எந்தத் தகவலை வெளியிடலாம் என்று கேட்டால், 'உண்மைதானே' என்றும் 'பொது வாழ்க்கைக்கு வந்தவர்தானே' என்றும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டும் போதாது. அந்தத் தகவலைக் கொண்டு ஒரு குடிமகன் எதைச் சரிபார்க்க முடியும் என்பதே கேள்வியாக இருக்க வேண்டும். சர்வே எண்ணைக் கொண்டு ஒரு சொத்தைச் சரிபார்க்கலாம். கதவு எண்ணைக் கொண்டு கதவைத்தான் தட்டலாம்.

சொத்து விவரம் வெளியே வந்தது யாரும் மனமுவந்து தந்ததால் அல்ல. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் (ஏ.டி.ஆர்.) 1999-இல் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. வேட்பாளரின் வழக்குகளையும் சொத்தையும் படிப்பையும் அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2-இல் சொன்னது. எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் மட்டும் ஒன்று சேர்ந்தன. ஜூலையில் அனைத்துக் கட்சிக் கூட்டம், ஆகஸ்டில் அவசரச் சட்டம், அதன்பின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்றொரு புதிய பிரிவு. நீதிமன்றம் எதைக் கேட்டாலும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்றது அந்தப் பிரிவு. 2003 மார்ச் 13-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. இன்று நம் கையில் இருக்கும் படிவம் அந்தச் சண்டையில் கிடைத்தது. ஆகவே அதில் ஒரு கட்டத்தை எடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் முதலில் சந்தேகத்தோடு பார்க்கப்படுவது நியாயமே. இந்தக் கட்டுரையும் அந்தச் சந்தேகத்துக்கு விலக்குக் கேட்கவில்லை.

சர்வே எண்ணின் அருமை சிதம்பரம் இருக்கும் கடலூர் மாவட்டத்துக்குத் தெரிந்த அளவு வேறு மாவட்டத்துக்குத் தெரியுமா என்பது ஐயம். நெய்வேலிச் சுரங்கத்துக்காக இங்கே பல தலைமுறையாக நிலம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் என்.எல்.சி.யின் கால்வாய்ப் பணிக்காக இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை கடலூரையும் சிதம்பரத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. சாலையின் தடம் எந்தப் பக்கம் வளைகிறது, சுரங்கம் எந்தக் கிராமத்தை நோக்கி நகர்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தவருக்கு நிலத்தில் லாபம். தெரியாதவருக்கு இழப்பீட்டுக்காக அலைச்சல். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு அந்தத் தடத்தில் நிலம் உண்டா, உண்டென்றால் அறிவிப்பு வருவதற்கு எத்தனை மாதம் முன்பு வாங்கினார் என்று கேட்க ஒரு வாக்காளருக்கு வேண்டியது சர்வே எண்ணும் வாங்கிய தேதியும்தான். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று வந்து நிற்கும். பதிவுத் துறையின் தளத்தில் அதே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு இருக்கும். படிவத்தில் எழுதிய விலையை அதோடு வைத்துப் பார்க்கலாம். இதைத் தனிப்பட்ட தகவல் என்று மறைத்தால், 1999-இல் தொடங்கிய சண்டையைத் தோற்றதாகத்தான் கொள்ள வேண்டும்.

கதவு எண்ணைக் கொண்டு இப்படி எதையாவது சரிபார்க்க முடியுமா? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2025 ஜூன் 14 அன்று மாநில அவை உறுப்பினர் மெலிசா ஹார்ட்மேனும் அவர் கணவரும் சொந்த வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைதானவரின் குறிப்பேடுகளில் அரசியல்வாதிகளின் பெயர்களும் வீட்டு முகவரிகளும், ஆள்தேடும் இணையதளங்களின் பட்டியலும் இருந்ததாக விசாரணை அதிகாரிகள் நீதிமன்றத்தில் தெரிவித்தார்கள். கொலை வரை போகாத சேதமும் உண்டு. ஜெர்மனியில் 20 வயது மாணவர் ஒருவர் நூற்றுக்கணக்கான அரசியல்வாதிகளின் கைப்பேசி எண்களையும் முகவரிகளையும் 2018 டிசம்பரில் ட்விட்டரில் வரிசையாக வெளியிட்டார். பசுமைக் கட்சித் தலைவராக இருந்த ராபர்ட் ஹாபெக்கின் குடும்பத்துக்குள் நடந்த உரையாடல்கூட அதில் வந்துவிட்டது. அவர்கள் பேசியதில் ஊழலும் இல்லை, ஒளிமறைவும் இல்லை. வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். அதைப் படித்து எந்த வாக்காளரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான உதாரணம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வாதாடுவது சரியாகாது. பிரிட்டனில் எம்.பி.க்களின் படிக் கணக்கை டெய்லி டெலிகிராப் நாளேடு 2009 மே மாதம் வெளியிட்டது. பலர் இரண்டாம் வீட்டுப் படிக்காக இன்று இந்த வீட்டை இரண்டாம் வீடு என்றும் நாளை அந்த வீட்டை என்றும் மாற்றி மாற்றிக் காட்டிப் பணம் வாங்கியது அப்போதுதான் தெரிந்தது. ஜூனில் நாடாளுமன்றமே அதிகாரபூர்வமாக வெளியிட்ட பிரதியில் பாதுகாப்பைக் காரணம் காட்டி முகவரிகளெல்லாம் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. அந்தப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மோசடியைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆக, முகவரியே சாட்சியமாகும் சந்தர்ப்பம் உண்டு. அங்கே முகவரி அரசுப் பணத்தோடு முடிச்சுப் போட்டிருந்தது என்பதுதான் காரணம். முகவரியை யாரும் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழு முகவரி தேர்தல் நடத்தும் அலுவலரிடம் இருக்கட்டும், தேர்தல் வழக்கில் நீதிமன்றத்துக்குப் போகட்டும், காரணம் சொல்லிக் கேட்கும் செய்தியாளருக்குக் கிடைக்கட்டும். உலகம் முழுக்கத் தேடிப் பார்க்கும் இணையப் பக்கத்தில் ஊரும் வார்டும் போதும்.

'விரும்பித்தானே அரசியலுக்கு வந்தார், வெயிலுக்குப் பயந்தவர் ஏன் வெளியே வர வேண்டும்' என்ற கேள்விக்கு வருவோம். வந்தவர் அவர், அவர் வீட்டாரும் சேர்ந்து வேட்புமனு போடவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்னபோது அரசியல்வாதியை மட்டும் கழித்துச் சொல்லவில்லை. தமிழ்நாடு வாக்களிப்பதற்குப் பத்து நாள் முன்பு, 2024 ஏப்ரல் 9 அன்று, உச்ச நீதிமன்றம் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. கரிகோ கிரியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மனைவி, மகன் பெயரில் பதிவாகியிருந்த ஒரு ஸ்கூட்டர், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு வேன் ஆகியவற்றைப் படிவத்தில் காட்டவில்லை என்று அவருடைய வெற்றியை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உடை, செருப்பு என்று வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எழுதத் தேவையில்லை. வாழ்க்கை முறையைக் காட்டும் அளவுக்கு விலையுயர்ந்த பொருளாக இருந்தால் எழுத வேண்டும். வாக்காளரின் அறியும் உரிமைக்கு எல்லை உண்டு என்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது. சாதாரணக் கைக்கடிகாரம் வேறு, லட்சக்கணக்கில் விலையுள்ள கைக்கடிகாரம் வேறு. சரிபார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வியையே நீதிபதிகளும் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள்.

வெயில் எல்லோர் மேலும் ஒரே மாதிரி அடிப்பதுமில்லை. மாநிலத் தலைவர்களுக்குக் காவலர் உண்டு, கட்சிக்காரர் கூட்டம் உண்டு. ஊராட்சித் தலைவருக்கு வீட்டுத் திண்ணைதான் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. முதன்முறையாக நிற்கும் ஒரு பெண்ணிடம் கைப்பேசி எண்ணையும் கதவு எண்ணையும் வாங்கி ஊர் அறியப் போட்டால், நள்ளிரவில் அழைப்பது யார், வாட்ஸ்அப்பில் என்ன அனுப்புவார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே கடலூர் மாவட்டத்தில், புவனகிரி அருகே தெற்குத் திட்டையில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் சமூக ஊடகங்களில் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். படம் பரவிய பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் ஆனார். அந்தப் படம் வெளியானது சரியா? சரி. அது அவருக்கு அவமானத்தைக் காட்டும் படம்தான். ஆனால் ஊராட்சிக் கூட்டத்தில், பதவியின் பேரில் நடந்ததைக் காட்டியது. அதே படத்தோடு அவர் குடியிருக்கும் தெருவையும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் ஒருவர் சேர்த்துப் போட்டிருந்தால், வழக்குக்கு அதனால் ஒரு வரி வலுவும் கூடியிருக்காது, அவருக்கு ஆபத்து மட்டும் கூடியிருக்கும்.

மனிதனின் தரம் அந்தரங்கத்தில்தான் தெரியும் என்பார்கள் சிலர். 2021 ஆகஸ்டில் ஒரு தேசியக் கட்சியின் மாநில நிர்வாகியுடையது என்று ஒரு வீடியோ அழைப்புப் பதிவு யூடியூபில் வெளியானது. அவர் மறுத்தார், பதவியை விட்டும் விலகினார். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எதைத் தவறென்கிறேனோ அதையே செய்தவன் ஆவேன். பதவியைக் காட்டிப் பெண்ணிடம் அத்துமீறினார் என்பது புகார் என்றால் அது அந்தரங்கமே அல்ல, குற்றம். போக வேண்டிய இடம் காவல் நிலையம். அப்படி இல்லை என்றால் பார்வை எண்ணிக்கையைத் தவிர அதில் வேறென்ன இருக்கிறது? இம்மாதிரிப் பதிவுகளில் இன்னொரு முனையில் ஒரு பெண் இருப்பதை வெளியிடுபவர்கள் முகத்தை மறைப்பதோடு மறந்துவிடுகிறார்கள். நேரத்தையும் பார்க்க வேண்டும். 2019-இல் சிதம்பரத்தில் வெற்றி வித்தியாசம் 3,219 வாக்குகள். அப்படிப்பட்ட தொகுதியில் வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு ஒரு ஸ்க்ரீன்ஷாட் சுற்றினால், அது பொய் என்று நிரூபணமாகும்போது எண்ணிக்கை முடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னோடியான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடத் தயாரானது. அதில் அதிகாரிகளோடு அவருக்கு இருந்த தொடர்புகள் வருவதாக இருந்தது. சிறைத் துறை தடுக்கப் பார்த்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் தந்த விடை இரண்டு பக்கமும் வெட்டும். தனியாக விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் பொதுப் பதவியில் இருப்பவர் தன் கடமையைச் செய்ததைப் பற்றி எழுதினால் அந்த உரிமையைச் சொல்லித் தடுக்க முடியாது. கோடு எங்கே என்று முப்பது வருடத்துக்கு முன்பே காட்டியாகிவிட்டது. பொதுப் பதிவேட்டில் உள்ளதற்குத் தனியுரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பதிவேடு என்பது அலமாரியில் இருக்கும் கட்டாக இருந்த காலம் அது. ஒருவரின் வண்டி எண்ணையும் வீட்டையும் மகளின் பெயரையும் நான்கு இடத்திலிருந்து எடுத்து ஒரே பக்கத்தில் ஒட்டும் வேலை அன்று எளிதாக இல்லை.

இப்போது நாடு போகிற திசையோ தலைகீழ். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. சட்டப்படி வெளியிட்டே ஆக வேண்டிய தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எனவே படிவம் 26-இல் உள்ள கதவு எண்ணுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-வைத் திருத்தியது. முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அல்லது தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடும் தனிநபர் தகவலைத்தான் மறுக்க முடிந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்றும் ஒரு வாசகம் இருந்தது. இரண்டும் போய், 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று ஆகிவிட்டது. 2011 டிசம்பரில் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் என்று நிவாரணம் வாங்கிப் பழகிய மாவட்டம் கடலூர். நிவாரணப் பட்டியலில் கவுன்சிலரின் மைத்துனர் பெயர் எப்படி வந்தது என்று ஒருவர் மனுப் போட்டால், ஒற்றை வரிப் பதிலில் மடக்கிவிடலாம். பொதுநலன் பெரிதென்றால் 8(2) பிரிவின்படி கொடுக்கலாமே என்கிறது அரசு. கொடுக்கலாம்தான். ஆனால் முதல் பதில் 'இல்லை' என்று வந்த பிறகு, மேல்முறையீடு, ஆணையம் என்று படியேற வேண்டியவர் மனுதாரர்.

இந்தத் திசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் படிப்புக் கட்டம் ஓர் அடையாளம். வேட்பாளர் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆண்டு என்ன பட்டம் வாங்கினார் என்று படிவம் கேட்கிறது. பொய் சொன்னால் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. பிரதமரின் டெல்லிப் பல்கலைக்கழகப் பட்டப் பதிவைக் காட்டச் சொன்ன தகவல் ஆணையத்தின் உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. அது தனிநபர் தகவல் என்றது. தொலைதூரக் கல்வியால் ஊர் ஊராகப் பட்டதாரிகளை உண்டாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்தில் இதை வைத்து யோசித்தால் விஷயம் எளிது. எத்தனை மதிப்பெண், எத்தனை அரியர் என்பது அவர் பாடு. 'வாங்கினேன்' என்று சத்தியம் செய்தவர் வாங்கினாரா என்பதற்கு ஆம், இல்லை என்ற ஒரு சொல் வாக்காளருக்குச் சேர வேண்டியது.

படிவத்தின் இணையப் பிரதியில் கதவு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மறைக்க, 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்திச் சட்ட அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டால் போதும். ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கை 2019 பிப்ரவரியில் சேர்த்தது அப்படித்தான். 44(3)-ஐ எடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். அங்கே மக்களவையில் வாக்களிக்க உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரின் வீட்டு முகவரியும் ஆணையத்தின் இணையதளத்தில் ஸ்கேன் பிரதியாகக் கிடக்கிறது.